தலைப்பிரசவத்துக்கு வந்த தவளை

நம்புறவங்க நம்பட்டும், நம்பாதவங்க ஒரு காதை மட்டும் இப்படிக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்: செம்பாறைப்பட்டிக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில், வெயில் உச்சியில் நின்று மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கழுத்தில் மஞ்சள் கயிறும் நெற்றியில் அழியாத குங்குமமுமாக ஒரு பச்சைத் தவளை தெற்குத் தெரு வழியாகத் தத்தித் தத்தி வந்து, சின்னக்காமு வீட்டுப் படியில் ஏற மாட்டாமல் ஏறி, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குருவம்மாளுக்கு முன்னால் உட்கார்ந்தது. வயிறு அதற்கு நிறைவயிறாக இருந்தது.

குருவம்மாள் கத்தவில்லை. வந்த மகளுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே முறை என்று, குடத்தடியில் மிஞ்சியிருந்ததை ஒரு சிரட்டையில் ஊற்றி அதன் முன்னால் வைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து, "ஏங்க, மக வந்திருக்கா" என்று குரல் கொடுத்தாள். பாயில் படுத்திருந்த சின்னக்காமு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் கொடியில் கிடந்த சட்டையை இழுத்து ஒரு கையை நுழைத்து, இன்னொரு கைக்கு ஓட்டை அகப்படாமல் தடுமாறி, அப்படியே அடுப்படி வாசலுக்கு வந்து நின்று கீழே பார்த்தார். "இதுவா" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றித் திரும்பவும் கொடியில் போட்டார். எந்த மகள் என்று நினைத்து அந்த மனுசன் சட்டையைத் தேடினார் என்பது குருவம்மாளுக்குத் தெரியும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் அவள் கேட்கவில்லை.

பெற்ற மகள் பெயர் கௌமாரி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பின் டிரைவர் சவரிராஜைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். வேற ஆளுக, வேற சாமி என்று சொல்லி அந்தக் கல்யாணத்துக்குச் சின்னக்காமு போகவில்லை. சோடியாக அவர்கள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்த அன்றைக்கு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல், விளக்குமாற்றை எடுத்து அந்தப் பையன் நின்ற இடத்தை, அவன் நிற்கும்போதே, அவன் செருப்பைச் சுற்றிப் பெருக்கினார். அதற்குமேல் எந்த மாப்பிள்ளை நிற்பான்? போனவர்கள் போனவர்கள்தான். இப்போது கௌமாரி மாசமாக இருந்தாள், மாசமும் முற்றிப்போயிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஜீப் இறங்குகிற நாட்களில், ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற சாக்கில் குருவம்மாள் கண்மாய்க் கரை ரோட்டில் போய் நிற்பாள். ஜீப் கொஞ்சம் மெதுவாகும், ஒரு கை வெளியே நீண்டு ஆடும், புழுதி எழும்பும், அவ்வளவுதான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் இருந்த போக்குவரத்து. தலைப்பிரசவம் தாய்வீட்டுக்குச் சொந்தம். ஆனால் பெற்ற தகப்பன் தன் வாயால் வா என்று கூப்பிடாமல் எந்தப் பெண் படியேறுவாள்? கூப்பிடாமல் விட்டால், மலையில், தோட்டத்து லைன் வீட்டில், பக்கத்தில் ஒரு பொம்பளைத் துணை இல்லாமல் அந்தப் பிள்ளை வலியெடுத்துக் கிடக்கும். குருவம்மாளுக்குச் சோறு இறங்காமல் போனதற்கு வெயில் காரணமில்லை.

சரி, பெற்ற மகளைக் கூப்பிடாத மனுசன் தவளையை ஏன் கூப்பிட்டார் என்று கேட்பீர்கள். மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் பண்ணுவது என்று ஊர் கூடி முடிவெடுத்தபோது, கண்மாயில் ஒரு தவளைகூட மிச்சமில்லை. ஏலக்காய் பறிக்க மலைக்குப் போகிற மாடத்திதான் மேலே இருந்து ஒரு சோடியைத் தன் தூக்குவாளியில் போட்டு மூடிக் கொண்டுவந்தாள். பெரிசாக இருந்தது பொண்ணு, சிறிசாக இருந்தது மாப்பிள்ளை என்று அவளே சொன்னாள். மாப்பிள்ளை வீடு வடக்குத் தெரு என்றாகிவிட்டது, பொண்ணு வீட்டுக்காரராக யார் நிற்பது என்று கேள்வி வந்தபோது டீக்கடைப் பெருமாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நம்ம சின்னக்காமு அண்ணன் நிக்கட்டும்ப்பா. மக கல்யாணத்தப் பாக்காத ஆளு, இதையாச்சும் பாக்கட்டும்" என்றான். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் முகத்தில் கரியைப் பூசவேண்டும் என்கிற ஆங்காரத்தில் சின்னக்காமு கல்யாணத்தை எடுத்து நடத்தினார் பாருங்கள், அப்படி நடத்தினார். கொட்டு, பந்தல், சீர்த்தட்டு, பாயசம், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் முடிவில், கண்மாய் மடையில் கொஞ்சம் ஈரம் கசிந்த பள்ளத்தில் சோடியை இறக்கிவிடுகிற நேரத்தில், பொண்ணை அனுப்பிவைக்கிற தகப்பன் சொல்லவேண்டிய சொல்லை எல்லாரும் எதிர்பார்த்து நிற்க, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தவர், அந்தப் பச்சைத் தவளையின் முதுகில் ஒற்றை விரலை வைத்து, "போயிட்டு வா தாயி. தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்துரு. நான் இருக்கேன்" என்றார். குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்தச் சொல்லை நம்பித்தான் அது வந்திருந்தது. கூப்பிட்டால் வரத்தானே செய்வாள் என்றது ஊர். யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. தெற்குத் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் ஏதோ ஒன்றைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி மணியை நூலில் கோத்து முன்னங்கால்களில் வளைகாப்பு போட்டார்கள். பாயசம் வேண்டாம், பூச்சி பிடித்துக் கொடுங்கள் என்று மாடத்தி சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் கையைக் குவித்துக்கொண்டு திரிந்தன. பிரசவம் ஆனால் தெருவுக்குத் தீட்டு உண்டா என்று பூசாரியைக் கேட்டார்கள். முட்டை உடைந்த நேரத்திலிருந்துதான் தீட்டைக் கணக்கு வைக்கணும், அதுவரைக்கும் கோயிலுக்கு வரலாம் என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

வந்த மறுநாள் விடிகாலையில் அது முட்டையிட்டது. தண்ணீரைத் தேடிப் போகாமல், சோறு போட வாங்கிவைத்து அடுப்படி மூலையில் சாத்தியிருந்த வாழை இலையின் அடிப்பக்கத்தில், கொத்தாக இட்டு ஒட்டவைத்தது. ஒவ்வொன்றும் நுங்கு மாதிரி இருந்தது, அதே பருமன், அதே குளுமை, உள்ளே கரும்புள்ளியாக ஒரு உசிர். தவளை தண்ணீரில்தானே முட்டையிடும், எடுத்துக் குடத்துக்குள் போடுங்கள் என்று பெருமாள் வந்து கையை நீட்டினான். "கைய வச்சிராத" என்று மாடத்தி அவன் கையைத் தட்டிவிட்டாள். "இது கண்மாய்த் தவளை இல்ல, மலைத் தவளை. தரையிலதான் இடும், இலையிலதான் இடும். தண்ணிக்குள்ள போட்டீன்னா மூச்சு முட்டிச் செத்துப்போகும். மழை ஒழுகி வரும்போது குஞ்சு அதுல வழுக்கி எறங்கிரும்."

மழை என்ற சொல் காதில் விழுந்ததும் குருவம்மாளுக்கு என்ன தோன்றியதோ, குனிந்து ஒரு முட்டையின்மேல் காதை வைத்தாள். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. தூரத்துத் தகரத்தில் விழுகிற மாதிரி ஆரம்பித்து, வலுத்து, ஓடையாக ஓடுகிற சத்தம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அவள் எழுந்து, "பேயுது" என்றாள்.

அன்றைக்குப் பூராவும் செம்பாறைப்பட்டி வரிசையில் நின்றது. காது கேட்காத ஆசாரி கேட்டார், கல்லாய்ப்போன மனசு என்று பேரெடுத்த வட்டிக்கடைக்காரர் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார், வடக்குத் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரும் பக்கத்துப் பக்கத்து முட்டைகளில் காதை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதாகிவிட்டது. இதுகள் பொரிந்தால் மழை வெளியே வந்துவிடும் என்று ஊர் ஒரே மனதாக நம்பியது. விதைக்கடலையைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு, கூரையைச் செப்பனிட ஆள் தேடினவர்கள் உண்டு.

ஆனால் இட்டவள் இருக்கவில்லை. இட்டு முடித்ததும், சிரட்டைத் தண்ணீரில் ஒருமுறை முங்கி எழுந்து, வந்த வழியே தத்திக்கொண்டு போய்விட்டாள். "அடியாத்தே, பெத்துப் போட்டுட்டுப் போறாளே, இது என்ன கூத்து" என்று பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்கையிலேயே, மாப்பிள்ளை வந்தான். சிறிசாக, சேறு நிறத்தில், கழுத்தில் கல்யாணத்து மாலை நாராக வற்றித் தொங்க வந்தவன், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் இலையில் ஏறி, முட்டைகளின்மேல் வயிற்றை வைத்து அப்பிக்கொண்டான். வந்த எறும்பைக் காலால் உதைத்தான். ராத்திரி பூராவும் இரை தின்னவில்லை, கத்தவில்லை, அசையவில்லை. பகலானால் வெளியே போவான், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். வீட்டோட மாப்பிள்ளை என்று தெரு அவனைக் கேலி பேசியது. குருவம்மாள் மட்டும் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கௌமாரிக்கு ஒன்று என்றால் அந்த டிரைவர்ப் பையனும் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானோ, என்னமோ.

ஒருநாள் காலையில் சின்னக்காமு பல்விளக்கிவிட்டு அடுப்படிக்குள் தலையை நீட்டியபோதுதான் அந்த அநியாயத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, சாவகாசமாக, எல்லா முட்டையும் நனைகிற மாதிரி பெய்துகொண்டிருந்தான்.

"அட எடுபட்ட பெயலே! மாமனார் வீட்டு அடுப்படியில, அதுவும் பிள்ளைக மேலயா?" என்று கத்திக்கொண்டு, கைக்குக் கிடைத்த விளக்குமாற்றால் ஒரே தள்ளு. மாப்பிள்ளை வாசலைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தான். விழுந்தவன் புரண்டு எழுந்து, வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதே வாசல், அதே விளக்குமாறு. குருவம்மாள் விளக்குமாற்றை அவர் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மத்தியானத்துக்குள் முட்டைகள் மங்க ஆரம்பித்தன. குளுமை போய், மேல்தோல் சுருங்கி, வெயிலில் வைத்த நுங்காகிவிட்டது. குருவம்மாள் போர்வெல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீர், பட்ட இடம் வெள்ளையாகப் பூத்ததுதான் மிச்சம். எறும்பு சாரி பிடித்து வந்தது. அவள் ஊதி ஊதி வாய் வலித்து உட்கார்ந்து, ஒரு முட்டையில் காதை வைத்தாள். மழை தூறலாகியிருந்தது. இன்னொன்றில் காதை வைத்தாள். சொட்டுச் சொட்டாகக் கேட்டது.

மலையிலிருந்து வேலை முடிந்து இறங்கிய மாடத்தியைத் தெருவோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் முட்டைகளைப் பார்த்தாள், சின்னக்காமுவைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது மூத்திரமாண்ணே? அவன் ஈரம் இருக்க எடமாத் தேடிப் போயி ஒக்காந்து, தோலாலயே தண்ணிய உறிஞ்சி, வயித்துல கட்டிக்கிட்டு வாரான். புள்ளைக காஞ்சிறக் கூடாதுன்னு கொண்டாந்து ஊத்துறான். பெத்தவ போயிட்டா அவன்தான எல்லாம்? அவனப் போயி வெளக்கமாத்தால தள்ளுவாகளா?"

அடுப்படியும் வாசலும் தெருவும் ஆளாக நிறைந்து, அத்தனை பேரும் சின்னக்காமுவையே பார்த்தார்கள். அவர் குனிந்து ஒரு முட்டையில் காதை வைத்தார், வெகுநேரம் வைத்திருந்தார். எழுந்தபோது முகம் கருத்திருந்தது.

"நிக்கல. ஆனா கொறஞ்சிருச்சு" என்றார்.

"அப்பக் கூப்பிடுங்க" என்றாள் குருவம்மாள். எல்லாருக்கும் முன்னால் அவள் அவரிடம் அப்படிப் பேசினதே கிடையாது. "கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளைய மாமனார்தான் கூப்பிடணும். ஆள் விடக்கூடாது. தட்டோட, சட்டை போட்டுக்கிட்டு, நீங்களே போயிக் கூப்பிடுங்க."

முறை என்று ஒன்று இருக்கிறதே, அதை மீற யாருக்குத் தைரியம் வரும்? சின்னக்காமு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்த தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் ஊர் நடந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்மாய்க் கரை ரோட்டு ஓரத்தில், மடைக்கு மேலே, வெடித்த தரையைப் பார்த்து நின்றார். பள்ளத்தில் ஈரம் இல்லை, தவளையும் இல்லை. தொண்டையைச் செருமினார். செருமிச் செருமி நின்றாரே தவிர வார்த்தை வரவில்லை. ஆயுசில் யாரையும் கூப்பிடாத வார்த்தை அது, லேசில் வருமா?

"சத்தமாண்ணே" என்றான் பெருமாள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

சின்னக்காமு கண்ணை மூடிக்கொண்டார். "மாப்பிள்ளே!" என்றார். கரை எதிரொலித்தது. "மாப்பிள்ளே, நான் பண்ணுனது தப்பு! தெரியாமப் பண்ணிட்டேன்! மனசுல வச்சுக்கிறாதீங்க! வீட்டுக்கு வாங்க!"

அந்த நேரத்தில்தான் மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று ரோட்டு வளைவில் திரும்பிற்று. கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்த ஜீப், அந்தக் குரலைக் கேட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நட்டநடு ரோட்டில் நின்றேவிட்டது. கதவு திறந்தது. சவரிராஜ் இறங்கினான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினான், அவிழ்த்தான், என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டான். வாசலில் பெருக்கப்பட்ட அன்றைக்கு நின்ற மாதிரியே, ஒரு சொல்லுக்குக் காத்து நின்றான்.

"கூப்பிட்டீங்களா மாமா?"

ஊர் மூச்சை அடக்கிக்கொண்டது. உன்னை இல்லை, தவளையை என்று சொல்ல ஒரு நொடி போதும். குருவம்மாள் தன் புருசன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப்பின் பக்கவாட்டிலிருந்து நீண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை அது ஆடவில்லை, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஆமா" என்றார் சின்னக்காமு. "ஒங்களத்தான், மாப்ள."

சவரிராஜ் தட்டை வாங்கிக்கொண்டான். எதையாவது பேசியாக வேண்டுமே என்று, "நம்ம சகலையும் வந்திருக்காரு மாமா" என்றான். ஜீப்பின் பின்பக்கம் ஈரச்சாக்குச் சுற்றிக் கட்டியிருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினான். சாக்கின் மடிப்பில், வயிறு பூசணிக்காயாக உப்பி, நாராய்ப்போன மாலையோடு சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். "கொஞ்ச நாளாவே காலையில வந்து ஏறிக்கிடுவாரு. மலையில ஊத்தடியில எறங்கி ஒக்காந்திருப்பாரு, எறங்கும்போது திரும்ப ஏறிக்கிடுவாரு. கழுத்துல மாலையப் பாத்ததும் நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எறக்கிவிடலாம்னு..."

சகலை என்று அந்தப் பையன் சொன்ன சொல் சின்னக்காமுவைப் பிடித்து நிறுத்தியது. அக்கா தங்கச்சியைக் கட்டினவர்கள்தானே சகலை? அப்படியென்றால் பெண் கொடுத்தவன் யார்? அவர் சாக்கோடு கேனை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஊருக்கு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குள் சின்ன மாப்பிள்ளை நேரே இலையில் ஏறினான். எறும்பை உதைத்தான். பின்னங்காலை ஊன்றி எழுந்தான். சின்னக்காமு மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு வேலை கெடக்கு, எல்லாரும் வெளிய போங்கப்பா" என்று ஆட்களை விரட்டினார். மலைத் தண்ணீர் பட்டதும் முட்டைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

வாசலில் கௌமாரி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலையில். குருவம்மாள் அவள் முகத்தையும் வயிற்றையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு, அழுதுகொண்டு, உள்ளே வாடி, உள்ளே வாடி என்றாள். பெண் படியைத் தாண்டவில்லை.

"தவளைக்குச் சொன்னீகளாமே ப்பா" என்றாள் கௌமாரி. "ஊரே சொல்லுது. எனக்கும் ஒரு தடவ சொல்லுங்க. கேட்டுட்டு வாரேன்."

சின்னக்காமு திரும்பினார். ஊர் முன்னால் தட்டேந்திக் கத்தின வாய், பெற்ற மகள் முன்னால் திறக்கமாட்டேன் என்றது. அவர் அவள் பக்கத்தில் வந்து, தவளைக்கு வைத்த மாதிரியே ஒற்றை விரலை அவள் தலையில் வைத்தார்.

"தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்துரு தாயி" என்றார். மிச்சம் வரவில்லை. அழுதுகொண்டே அதையும் சொன்னார். "நான் இருக்கேன்."

அவள் படியைத் தாண்டி உள்ளே காலை வைக்கவும், அடுப்படியில் முதல் முட்டை பட்டென்று உடைகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வெளியே, தூரத்துத் தகரத்தில் விழுகிற மாதிரி ஒன்று ஆரம்பித்தது. வலுத்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஒருத்தரும் எழுந்து போகவில்லை.